தண்ணி மேசையில் உட்கார்ந்தும் சிகரெட்டைத் தொடாமல் வீடு திரும்புவது எப்படி? கோலாலம்பூர், பினாங்குவாசிகளுக்கு

மூன்று வாரம் சிகரெட் இல்லாமல் ஓட்டியவர், வெள்ளிக்கிழமை ராத்திரி பத்தரை மணிக்கு, இரண்டாவது கிளாஸ் பாதியில் இருக்கும்போது, கூட்டாளி நீட்டிய ஒன்றை வாங்கிவிடுவார். மறுநாள் காலையில் அவரே கடைக்குப் போய் ஒரு பாக்கெட் வாங்குவார். அந்த ஒரு ராத்திரியை எப்படித் தாண்டுவது என்பதுதான் கீழே இருப்பது எல்லாம்.

மன உறுதி இருந்தால் போதும் என்று சொல்பவர் பேச்சை நம்பாதீர்கள். தண்ணி உள்ளே போனதும் முதலில் கரைவதே அந்த உறுதிதான். நிக்கோட்டினும் சாராயமும் மூளையில் ஒரே இடத்தைத்தான் தட்டுகின்றன. வருஷக்கணக்கில் இரண்டையும் சேர்த்தே கொடுத்துப் பழக்கியதால், ஒன்று வந்தால் மற்றது எங்கே என்று உடம்பு கேட்கும். ஆகவே செய்ய வேண்டிய ஏற்பாட்டை எல்லாம் முதல் வாய் குடிக்கும் முன்பே முடித்துவைக்க வேண்டும். மேசையில் உட்கார்ந்த பிறகு யோசிக்க ஒன்றும் பாக்கி இருக்கக் கூடாது.

தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை. தினமும் நிறையக் குடிப்பவர், காலையில் கை நடுங்குகிறவர், குடிக்காவிட்டால் வியர்த்துக் கொட்டுகிறவர் சிகரெட்டோடு சேர்த்துக் குடியையும் சட்டென்று தானாக நிறுத்தக் கூடாது. வலிப்பு வரை போகலாம். அவர் முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

1. காலண்டரைப் பார்த்து நாள் குறியுங்கள்

கடைசி சிகரெட்டிலிருந்து முதல் 3 நாள்தான் மிக மோசம். எரிச்சலும் தூக்கமின்மையும் பெரும்பாலும் 2 முதல் 4 வாரத்தில் அடங்கும். இந்த நாலு வாரத்துக்குள் குடிக்கும் மேசைக்குப் போகாமல் இருப்பது உத்தமம். முடியாது என்றால் முதல் இரண்டு வாரமாவது போகாதீர்கள்.

நம் ஊரில் இதற்கு நாள் பார்க்கத் தெரிய வேண்டும். தீபாவளிக்கு முந்தின வாரம், சீனப் பெருநாள் திறந்த இல்ல விருந்து, சொந்தத்தில் கல்யாணம் இருக்கும் மாதம் ஆகியவற்றில் தொடங்காதீர்கள். சீனப் பெருநாள் ஓய்ந்த பிறகு மார்ச் மாதம் நல்ல காலம்.

தைப்பூச விரதம் இன்னும் நல்ல வாய்ப்பு. பத்துமலைக்கோ தண்ணீர்மலைக்கோ காவடி எடுப்பவர்கள் 21 நாள், 48 நாள் என்று தண்ணியும் சிகரெட்டும் இல்லாமல் இருந்துவிடுகிறார்கள். 48 நாளில் உடம்பு நிக்கோட்டினைப் பெரும்பாலும் மறந்திருக்கும். பாதி வேலை சாமி பேரால் முடிந்துவிட்டது. கெடுவது எங்கே என்றால், காவடி இறக்கிய மறுநாள் “விரதம் முடிஞ்சாச்சு” என்று திறக்கும் முதல் பாட்டிலில். உடம்புக்குத் தேவை இல்லாத சிகரெட்டைக் கை பழக்கத்தில் வாங்குகிறது. விரதம் முடிந்தவர்கள் சாப்பாட்டில் கறி மீனைத் திறந்துகொள்ளுங்கள். பாட்டிலை இன்னும் ஒரு மாதம் மூடியே வையுங்கள். புரட்டாசிக்கும் இதே கணக்குதான். அது முடிந்து மூச்சு விடுவதற்குள் தீபாவளி வந்து நிற்கும்.

2. கிளினிக்: எதைக் கொண்டுபோவது, எவ்வளவு ஆகும்

அரசாங்கக் கிளினிக் கெசிஹாத்தான் பலவற்றில் புகைபிடிப்பதை நிறுத்தும் சேவை இருக்கிறது. ‘எம்குவிட்’ என்று கேட்டால் தெரியும். நேரில் போய்க் கேட்கலாம்; மைசெஜாத்ரா செயலியில் அப்பாயின்மென்ட் எடுக்கலாம். குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 வெள்ளி. வெளிநாட்டு வேலையாட்களுக்குக் கட்டணம் கூடுதல், அவர்கள் பாஸ்போர்ட் கொண்டுபோக வேண்டும்.

கையில் இருக்க வேண்டியவை: மைகாட், இப்போது சாப்பிடும் மருந்துகளின் பட்டியல் அல்லது பெட்டிகள், ஏற்கெனவே அந்தக் கிளினிக்கில் சிகிச்சை எடுப்பவர் என்றால் பழைய கார்டு. வேலைக்குப் போகிறவர்கள் கிளினிக்கை விட்டுக் கிளம்பும் முன் ‘டைம் ஸ்லிப்’ (வந்துபோன நேரத்தைக் காட்டும் சீட்டு) கேட்டு வாங்குங்கள். பின்னால் போய்க் கேட்டால் இன்னொரு நடை.

முதல் தடவை அரை நாளை ஒதுக்கிவிடுங்கள். ஆறு கேள்வி கேட்டு 10க்கு மதிப்பெண் போடுவார்கள். அதில் முக்கியமானது, தூங்கி எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட் என்பது. ஒரு குழாயில் ஊதச் சொல்லி மூச்சில் கார்பன் மோனாக்சைடு எவ்வளவு என்று பார்ப்பார்கள். நேற்று இழுத்ததை மறைக்கலாம் என்று நினைக்காதீர்கள், மறைத்தால் நஷ்டம் உங்களுக்கு. மருந்தின் அளவு அந்தப் பதிலை வைத்துத்தான் முடிவாகிறது.

அங்கே மறக்காமல் சொல்ல வேண்டிய ஒரு தகவல்: நீங்கள் குடிப்பவர் என்பது. சிகரெட்டை விடக் கொடுக்கும் வாரெனிக்லின் மாத்திரை எடுக்கும் சிலருக்கு வழக்கமான அளவு தண்ணியே அதிகமாக ஏறும், நடந்தது மறந்துபோகும். அதே வேலைக்கான புப்ரோபியான் மாத்திரையோடு அதிகக் குடி சேர்ந்தால் வலிப்பு அபாயம் உண்டு. நீங்களாகச் சொல்லாவிட்டால் இது வெளிவராமல் போகலாம். கூச்சப்பட்டு விட்டுவிடாதீர்கள்.

செலவுக் கணக்கு வேண்டுமானால்: முன்னணி பிராண்டு ஒரு பாக்கெட் 17 வெள்ளிக்கு மேல். தினம் ஒன்று என்றால் வருஷத்துக்கு 6,200 வெள்ளி தாண்டும். பார்மசியில் வாங்கும் நிக்கோட்டின் பேட்ச், நிக்கோட்டின் கம் இரண்டும் முதல் பார்வைக்கு விலையாகத் தெரியும். கடைக்குக் கடை விலை மாறும் என்பதால் இரண்டு இடத்தில் விசாரியுங்கள். கிளினிக்கில் கையிருப்பு இருந்தால் அங்கேயே கிடைக்கும்.

3. பேட்சும் கம்மும்: பீரோடு ஒத்துப்போகும் நேரக்கணக்கு

பலர் சறுக்குவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாக.

பேட்ச் என்பது தோலில் ஒட்டுவது. நாளுக்கு 10 சிகரெட்டுக்கு மேல் பிடித்தவர்களுக்கு வழக்கமாக 21 மில்லிகிராமில் தொடங்கி 6 வாரம், பிறகு 14 மில்லிகிராம் 2 வாரம், 7 மில்லிகிராம் 2 வாரம். இதைக் காலையிலேயே ஒட்டிவிடுங்கள். ரத்தத்தில் முழுதாக ஏறச் சில மணி நேரம் ஆகும். ராத்திரி எட்டு மணிப் பார்ட்டிக்கு ஏழரைக்கு ஒட்டினால் பிரயோஜனம் இல்லை. முடி இல்லாத மேல்கை, காய்ந்த தோல், உள்ளங்கையால் 10 வினாடி அழுத்தம். நம் வெயிலுக்கு வியர்வையில் உரியும், ஆகவே கிளம்பும் முன் தொட்டுப் பாருங்கள். ராத்திரி கெட்ட கனவு வந்தால் படுக்கும்போது எடுத்துவிடலாம். மறுநாள் வேறு இடத்தில் புதியது ஒட்டுங்கள்.

பேட்ச் அடித்தளம்தான். திடீரென்று கிளம்பும் ஆசைக்கு நிக்கோட்டின் கம் வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவது ஒன்றை மட்டும் பயன்படுத்துவதைவிட நன்றாக வேலை செய்கிறது. எழுந்து 30 நிமிடத்துக்குள் முதல் சிகரெட் பிடித்தவர்களுக்கு 4 மில்லிகிராம், மற்றவர்களுக்கு 2.

இதைச் சாதாரண சூயிங்கம் மாதிரி மென்றால் காசு வீண். மெதுவாகச் சில தடவை கடியுங்கள். மிளகு மாதிரி ஒரு காரம் நாக்கில் தெரியும். தெரிந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வையுங்கள். காரம் போனதும் திரும்பக் கடித்து வேறு பக்கம் ஒதுக்குங்கள். இப்படி அரை மணி நேரம். வேகமாக மென்றால் நிக்கோட்டின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம்.

இனி முக்கியமான இடம். நிக்கோட்டின் வாயின் உள்தோல் வழியாகத்தான் ஏறுகிறது. வாய் புளித்திருந்தால் ஏறாது. பீர், ஒயின், கோலா, காப்பி, பழச்சாறு எல்லாம் புளிப்பு வகை. கம்மை வாயில் வைத்துக்கொண்டே பீர் குடிப்பவருக்குக் கம் வேலை செய்யாது. “இது நமக்கு ஒத்துவரல” என்று சொல்லிச் சிகரெட்டை எடுப்பார். குடித்து முடித்து 15 நிமிடம் போன பிறகே கம். கம் வாயில் இருக்கும்வரை தண்ணீர் தவிர வேறு எதுவும் வேண்டாம். குடிப்பதை நிறுத்தி அசாம்போய் போட்ட லைம் ஜூஸுக்கு மாறினாலும் இதே கதைதான், அது பீரைவிடப் புளிப்பு.

எட்டு மணிக்கு உட்காரும் மேசைக்கு ஒரு மாதிரிக் கணக்கு:

6:45 – வீட்டிலேயே வயிறு நிறையச் சாப்பாடு.
7:20 – வாய் கொப்பளித்து முதல் கம். 7:50க்குத் துப்பிவிடுங்கள்.
8:00 – முதல் கிளாஸ். 8:40 வரை இழுத்துப் பிடியுங்கள்.
8:40 – ஒரு பெரிய கிளாஸ் வெறும் தண்ணீர், வாயையும் அலசுங்கள்.
8:55 – இரண்டாவது கம், 9:25 வரை.
9:30 – இரண்டாவது கிளாஸ்.

இந்தக் கணக்கில் ஒரு கள்ள லாபம் உண்டு. கம் போடுவதற்காகக் காத்திருக்கும் நேரமே குடிக்கும் வேகத்தைப் பாதியாக்கிவிடும்.

4. கடையும் நாற்காலியும்

சாப்பாட்டுக் கடைகளிலும் அவற்றின் கடைசி மேசையிலிருந்து 3 மீட்டர் சுற்றளவிலும் புகைக்கத் தடை. 2024 அக்டோபர் 1 முதல் அமலில் இருக்கும் சட்டம் 852 வேப்பையும் சேர்த்தே பிடிக்கிறது. அபராதம் 5,000 வெள்ளி வரை போகலாம். உங்களுக்கு இது சாதகம். ஆகவே சாப்பாட்டோடு தண்ணி கொடுக்கும் கடையைத் தேர்ந்தெடுங்கள். பப்புகளில் நிலவரம் இடத்துக்கு இடம் வேறுபடும், போன் செய்து “உள்ளே ஸ்மோக்கிங் உண்டா” என்று முதலிலேயே கேளுங்கள். மொட்டைமாடி பார், கோலாலம்பூர் சங்காட் பக்கம் ரோட்டோர உயரமேசை, ஜார்ஜ்டவுன் கடைவீட்டு அஞ்சடி நடைபாதையில் போட்டிருக்கும் மேசை மூன்றும் முதல் மூன்று மாதத்துக்கு வேண்டாம். சட்டம் ஏட்டில் இருக்கும், புகை உங்கள் மூக்கில் இருக்கும்.

நாற்காலி விஷயத்தைச் சின்னதாக நினைக்காதீர்கள். சுவரோரம், உள்பக்கம், எழுந்தால் இரண்டு பேரை நகர்த்திவிட்டு வர வேண்டிய இடமாகப் பார்த்து உட்காருங்கள். வாசலோரம் உட்கார்ந்தவர் வெளியே போகும் கூட்டத்தோடு கூட்டமாகத் தன்னையறியாமல் எழுந்துவிடுவார். பக்கத்து ஆள் பாக்கெட்டையும் லைட்டரையும் மேசைமேல் வைத்தால், “பையில போட்டுக்கடா” என்று முதல் கிளாசுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். மூன்றாவது கிளாசுக்குப் பிறகு அந்தப் பாக்கெட்டுக்கும் உங்கள் கைக்கும் நடுவில் இருப்பது ஒரு சாண்தான்.

5. எதில், எவ்வளவு

ஜக், டவர், பக்கெட் எதிலும் பங்கு சேராதீர்கள். பக்கத்தில் இருப்பவர் ஊற்றிக்கொண்டே இருப்பார், கணக்கு போய்விடும். தனி கேன் வாங்குங்கள்: 320 மில்லி, 5 சதவீத பீர் என்றால் அதில் ஏறக்குறைய 12.6 கிராம் சுத்த சாராயம். இரண்டு கேன் எல்லை. காலி கேன்களை மேசையை விட்டு எடுக்கச் சொல்லாதீர்கள், அதுதான் உங்கள் கணக்குப் புத்தகம்.

சிகரெட் எந்தக் கையில் பிடித்தீர்களோ அந்தக் கையில் கிளாசைப் பிடியுங்கள். மற்றக் கைக்குக் குவாச்சி, அதாவது தோலோடு வறுத்த விதை. இதைவிட நல்ல ஆயுதம் இந்த ஊரில் இல்லை: ஒவ்வொரு விதையையும் எடுத்து, பல்லில் உடைத்து, தோலைத் துப்ப வேண்டும், கையும் வாயும் ஒரே நேரத்தில் மாட்டிக்கொள்ளும். கச்சான் பரவாயில்லை, ஆனால் ஒரு பிடியாக அள்ளிப் போட்டால் ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

6. நீட்டும்போது என்ன சொல்வது

“முயற்சி பண்ணிட்டிருக்கேன்”, “இப்போதைக்கு வேணாம்” என்ற இரண்டையும் தவிருங்கள். இரண்டுமே பேரம் பேச அழைக்கும் வார்த்தைகள். மூத்தவர் நீட்டினால் “வேணாண்ணே, விட்டுட்டேன்.” கூட்டாளி என்றால் “விட்டுட்டேன்டா” போதும். மலாய், சீன நண்பர்களிடம் “டா பெர்ஹெந்தி” (விட்டாச்சு) என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுங்கள். காரணம் விளக்க ஆரம்பித்தால் எதிராளி வாதம் ஆரம்பிப்பார், பக்கத்து மேசை அங்கிள் தொண்ணூறு வயது வரை சுருட்டுப் பிடித்த தாத்தாவைக் கூட்டிக்கொண்டு வருவார்.

முன்கூட்டியே ஒரே ஒருவரிடம் மட்டும் வாட்சப்பில் சொல்லிவையுங்கள்: “இன்னிக்கு நான் கேட்டாலும் குடுக்காதே.” புகைப்பவராகவே இருந்தால் இன்னும் நல்லது, பாக்கெட் அவரிடம்தானே இருக்கிறது.

கடைக்குப் போய் அவர்களுக்குப் பாக்கெட் வாங்கிவரும் வேலையை ஏற்காதீர்கள். சாமர்த்தியமாக மறுக்கத் தேவையில்லை, உள்பக்க நாற்காலியே இதைப் பார்த்துக்கொள்ளும்.

7. அவர்கள் எழுந்து போகும் ஐந்து நிமிடம்

மேசையில் புகைக்க முடியாது என்பதால் எல்லாரும் சேர்ந்து வெளியே போவார்கள். நல்ல பேச்சும் சிரிப்பும் அவர்களோடு வெளியே போய்விடும், நீங்கள் கிளாசோடு தனியாக. தடுக்கி விழுவது பெரும்பாலும் இந்த இடத்தில். “சும்மா கூட நிக்கிறேன்” என்று எழுந்து போவதில்.

ஆசை அலை பெரும்பாலும் 3 முதல் 5 நிமிடத்தில் தணியும். ஒரு சிகரெட் எரிந்து முடிய ஆகும் நேரமும் ஏறக்குறைய அவ்வளவுதான். அந்த நேரத்துக்கு வேலை தயாராக இருக்கட்டும்: கழிப்பறை, வீட்டுக்கு ஒரு போன், அடுத்த தட்டு ஆர்டர். புகைக்காத இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு போவது எல்லாவற்றையும்விட மேல். நாலு பேர் மேசையில் நாலு பேரும் புகைப்பவர் என்றால், அந்த அழைப்பை முதல் மூன்று மாதம் தள்ளிப்போடுங்கள்.

8. கல்யாண டின்னர், கார் பூட், கேத வீடு

கல்யாண டின்னரில் உள்ளே ஒரு விருந்து நடக்கும், கார்பார்க்கில் இன்னொன்று நடக்கும். பூட்டைத் திறந்து, ஐஸ் பெட்டி வைத்து, பிளாஸ்டிக் கப்பில் ஊற்றும் இடம். அங்கே நாற்காலி இல்லை, சாப்பாடு இல்லை, அளவும் இல்லை. சுற்றி நிற்கும் எட்டுப் பேரில் ஆறு பேர் கையில் நெருப்பு. போகத்தான் வேண்டும் என்றால் சாப்பாடு முடிந்த பிறகு, உங்கள் கேனை நீங்களே எடுத்துக்கொண்டு, ஒரு கேன் மட்டும். மனைவியிடமோ தம்பியிடமோ “20 நிமிஷத்தில் போன் பண்ணு” என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

கேத வீட்டில் ராத்திரி விழித்திருக்கும்போது சீட்டு, தண்ணி, புகை மூன்றும் சேரும். துக்கத்தில் யாரும் உங்களைக் கேள்வி கேட்க மாட்டார்கள் என்பதே ஆபத்து. பந்தலுக்கு வெளியே உட்காராமல் வீட்டுக்குள் வேலை கேட்டு வாங்குங்கள்; டீ ஊற்றுகிறவருக்குக் கை சும்மா இருக்காது.

9. வேப், ஷீஷா

“இது சிகரெட் இல்லையே” என்று நீட்டுவார்கள். நிக்கோட்டின் உள்ள வேப் அதே பசியைத்தான் எழுப்பும். ஷீஷாவில் புகையிலையும் கரிப்புகையும் இருக்கின்றன, ஒரு தடவை உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் இழுப்பார்கள். வேண்டாம்.

10. திரும்பும் வழியும் மறுநாள் காலையும்

கிராப் எடுங்கள். 2020 அக்டோபரிலிருந்து ஓட்டுநருக்கான எல்லை 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம்தான். இரண்டு கேனே சிலரைத் தாண்டவைக்கும். புகைக்கும் கூட்டாளியின் காரில் ஏறாதீர்கள், கண்ணாடியை இறக்கி அவர் ஒன்று பற்றவைத்தால் நீங்கள் பெல்ட் போட்டு உட்கார்ந்திருப்பீர்கள். கிராப்பை பிளாட் வாசலிலேயே நிறுத்தச் சொல்லுங்கள், கீழே இருக்கும் 24 மணி நேரக் கடை முனையில் அல்ல. கடையில் சிகரெட் இப்போது கண்ணில் படாமல் மூடித்தான் வைத்திருப்பார்கள், ஆனால் வாய் கேட்கத் தயங்காது.

மறுநாள் காலை தலைவலியோடு எழும்போது ஆசை திரும்ப வரும். காப்பியைப் பாதியாக்குங்கள். சிகரெட் புகை ஈரலை முடுக்கிவிட்டுக் கஃபீனைச் சீக்கிரம் தீர்த்துக்கொண்டிருந்தது. விட்டபின் அதே இரண்டு கப் கோப்பி ஓ ஏறக்குறைய இரட்டிப்பாக உடம்பில் தங்கும். படபடப்பையும் கை நடுக்கத்தையும் சிகரெட் கேட்கிறது என்று தப்பாக எடுத்துக்கொள்பவர்கள் ஏராளம். நேற்றுப் போட்ட சட்டையை எழுந்ததும் வாஷிங் மெஷினில் போடுங்கள், காலர் நாறும்.

11. ஒன்று இழுத்துவிட்டால்

பேட்சைக் கழற்ற வேண்டாம், கம்மை நிறுத்த வேண்டாம். மறுநாள் காலையில் வழக்கம்போல் தொடருங்கள். மூன்று விவரத்தைப் போனில் எழுதிவையுங்கள்: மணி எத்தனை, எத்தனையாவது கிளாஸ், யார் கொடுத்தது. மூன்று தடவை எழுதினால் ஒரே ஆளும் ஒரே கிளாசும் திரும்பத் திரும்ப வருவது தெரியும். அடுத்த வாரம் மாற்ற வேண்டியது அந்த ஒன்றை மட்டும். கிளினிக் அப்பாயின்மென்ட்டுக்கு வெட்கப்பட்டுப் போகாமல் இருந்துவிடாதீர்கள், அவர்களுக்கு இது தினசரி கேட்கும் கதை.

பாக்கெட்டே வாங்கிவிட்டீர்கள் என்றால் மீதியைக் குழாயில் நனைத்துப் பிழிந்து குப்பையில் போடுங்கள். பெட்டியோடு அப்படியே போட்டால் விடியற்காலை நாலு மணிக்குக் குப்பைத் தொட்டியைக் கிளறிக்கொண்டிருப்பீர்கள்.